வாளித் தண்ணீர் தெளியும்வரை

தரை போட்டு முடித்த எந்த இடத்திலும் கடைசிக் கேள்வி அவருடையது; கடைசிப் பதில் அவளுடையது.

டைல்ஸ் பதிப்பது அவர் வேலை. இடுக்குகளை அடைக்கப் பூசிய கிரவுட் கலவை இறுகிப்போவதற்குள், மேலே படிந்திருப்பதை ஈர ஸ்பாஞ்சால் துடைத்தெடுப்பது அவள் வேலை. முதல் வாளித் தண்ணீர் பாலாக வெளுத்துப்போகும். அதைக் கொட்டிவிட்டு இன்னொரு வாளி பிடித்தால் அது சாம்பல் நிறமாகும். மூன்றாவது லேசாகக் கலங்கும். அப்படியே போய், ஏதோ ஒரு வாளியில் ஸ்பாஞ்சைப் பிழிந்த பிறகும் அடிப்பக்கம் தெரியும். அந்த நேரம் பார்த்து, வாசலில் உட்கார்ந்து காரை பூசும் கரணையைச் சுரண்டிக்கொண்டிருக்கும் அவர், தலையைத் தூக்காமலே கேட்பார்.

"தெளிஞ்சுதா?"

"தெளிஞ்சிருச்சு."

அதோடு வேலை முடிந்தது என்று அர்த்தம். வீட்டுக்காரர் வந்து பார்த்துத் தலையாட்டுவதெல்லாம் அதற்குப் பிறகுதான். கல்யாணமான புதிதில் ஆரம்பித்த இந்தப் பேச்சு, மகள் பிறந்து, வளர்ந்து, வேலைக்குப் போய், வேறு ஊரில் குடியேறிய பிறகும் மாறாமல் நடந்துகொண்டிருந்தது. ஓர் ஆஸ்பத்திரி அறையில் அது நின்றுபோனது. அவர் மறுபடி எழுந்து நடப்பாரா என்று சுற்றத்தார் கவலைப்பட்டார்கள். அவளுக்கும் அந்தக் கவலை இருந்தது. ஆனால் அதற்கு அடியில், வெளியே சொல்ல முடியாத இன்னொன்றும் இருந்தது. அந்தக் கேள்வி தங்களுக்கு நடுவே இனி வருமா? வந்தால் தன்னால் பதில் சொல்ல முடியுமா?

அவரை எல்லாரும் ரசமட்டக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். ரசமட்டம் என்பது கொத்து வேலைக்காரர்கள் கையில் இருக்கும் நீளக் கட்டை. அதன் நடுவில் ஒரு கண்ணாடிக் குழல், குழலுக்குள் திரவம், திரவத்தில் ஒரு குமிழி. தரை மட்டமாக இருந்தால் குமிழி இரண்டு கோடுகளுக்கும் நடுவில் நிற்கும். வேடிக்கை என்னவென்றால், அவர் அதை அதிகம் தொட்டதே இல்லை. மண்டியிட்டு, கன்னத்தைத் தரையோடு ஒட்டி, ஒரு கண்ணை மூடிப் பார்ப்பார். பிறகு ரப்பர் சுத்தியால் ஏதாவது ஒரு மூலையில் இரண்டு தட்டு. அவ்வளவுதான்.

அவர் பெரிய மேதை ஒன்றுமில்லை. அவரைவிட வேகமாகப் பதிக்கிறவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். துண்டு வெட்டும்போது அளவு பிசகி, பழியைக் கட்டர் மேல் போடுவார். முன்கோபி. ஆனால் மட்டம் மட்டும் தப்பாது. ஒரு மனிதனிடம் ஒன்றாவது தப்பாமல் இருப்பது பெரிய விஷயம்தான் என்று அவளுக்குப் போகப்போகத் தோன்றியது. அந்த நம்பிக்கை அவளுக்கு உடனே வந்துவிடவில்லை.

இருவரும் சேர்ந்து பார்த்த முதல் வேலை ஒரு பல் டாக்டரின் கிளினிக். மருந்து வாடை அடிக்கும் இரண்டு அறைகள், நடுவில் ஒரு நடை. மத்தியானம் அவர் டீ குடிக்கப் போயிருந்தபோது, அவள் சாமான் மூட்டையிலிருந்து ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தாள். குமிழி நடுவில் நின்றது. தள்ளி வைத்தாள். நடுவில். சுவரோரம் வைத்தாள். அங்கேயும் நடுவில். நிமிர்ந்து பார்த்தால் வாசலில் அவர், கையில் அவளுக்கு வாங்கிய டீயோடு நிற்கிறார்.

"என்ன, என் மேல சந்தேகமா?"

அவள் கட்டையை முந்தானையால் துடைத்தாள். "சும்மா பாத்தேன்."

"சும்மா பாத்தா பத்தாது. திருப்பி வெச்சுப் பாரு."

"எதுக்கு?"

"மட்டமே கோணலா இருந்தா? இந்தப் பக்கத்த அந்தப் பக்கமா மாத்தி வை. அப்பவும் குமிழி நடுவுல நின்னா தரை சரி, மட்டமும் சரி. நகந்துச்சுன்னா மட்டம் பொய் சொல்லுதுன்னு அர்த்தம்."

அவள் திருப்பி வைத்தாள். குமிழி நடுவிலேயே நின்றது. அவர் டீயை நீட்டினார்.

"இப்ப குடிக்கலாமா? இல்ல, டீயும் மட்டமா இருக்கான்னு பாக்கணுமா?"

அன்றைக்குச் சிரித்த சிரிப்பு அவளுக்கு வெகுகாலம் ஞாபகத்தில் இருந்தது. ஒருவர் தன்னைச் சோதிப்பதைப் பார்த்துவிட்டு, சோதிக்கும் முறையையும் சொல்லிக்கொடுக்கிறார் என்றால் அவரோடு காலம் தள்ளிவிடலாம் என்று அவள் அந்தக் கிளினிக்கின் ஈரத் தரையில் உட்கார்ந்து முடிவு செய்தாள்.

அந்த வருஷங்களை இப்போது நினைத்தால், எல்லாமே தரையிலிருந்து பார்த்த காட்சிகளாகவே வருகின்றன. கதவுகளின் அடிப்பக்கம், மேசைகளின் வயிறு, வந்து போகிறவர்களின் செருப்பு. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது காலி டைல்ஸ் அட்டைப்பெட்டியில் துணி விரித்துப் படுக்கப்போடுவார்கள். ரப்பர் சுத்தியின் சத்தம் கேட்டால்தான் அது தூங்கும். சத்தம் நின்றால் விழித்துக்கொண்டு அழும். "வேலையை நிறுத்தவே விடமாட்டேங்கறா, இவதான் மேஸ்திரி" என்பார் அவர்.

இரண்டு அறைகளுக்கு மட்டம் எடுக்க வேண்டுமானால் குழாய் பிடிப்பார்கள். நீளமான, உள்ளே தெரிகிற ரப்பர் குழாய், நிறையத் தண்ணீர். ஒரு முனை அவர் கையில், இன்னொரு முனை அடுத்த அறையில் அவள் கையில். நடுவில் சுவர் இருந்தால் என்ன, குழாய் எப்படி வளைந்து கிடந்தால் என்ன, இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில்தான் நிற்கும். "ஒரு நூல் இறக்கு!" என்று அவர் அங்கிருந்து கத்துவார். "இறக்கிட்டேன்!" "ஆடாம பிடி!" "நான் ஆடல, நீங்கதான் ஆடறீங்க!" அடுத்த அறையில் இருக்கிறவரின் முகம் தெரியாது. ஆனால் அவர் கையை அசைத்தால் அவள் முனையில் தண்ணீர் ஏறி இறங்கும். அதைப் பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்குப் பிடிக்கும். வேலையை முடித்துக் குழாயைச் சுருட்டும்போது ஏதோ ஒன்று அறுந்ததுபோல் இருக்கும். அதையெல்லாம் அவள் அவரிடம் சொன்னதில்லை. சொன்னால், "தண்ணிக்கு வேற வேலை இல்லையா?" என்று கேட்டிருப்பார்.

அவளுடைய தம்பி துணி துவைத்துத் தேய்த்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தான். வாய் ஓயாதவன். "எங்க மாமா மாதிரி மட்டமான ஆளை நீங்க பாத்திருக்கவே முடியாது" என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லுவான். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "மாப்ளே, உன் கடைத் தரைய மொதல்ல பாரு. மெஷின் ஓடறப்ப நடந்து வாசலுக்கே வந்துரும் போல இருக்கு" என்பார். கடையின் பின்கட்டில் துவைக்கும் இடத்துத் தரை உண்மையிலேயே மோசம். தண்ணீர் ஓடவேண்டிய வழியில் ஓடாமல் மெஷின்களுக்கு அடியில் தேங்கும். "போட்டுத் தர்றேன், போட்டுத் தர்றேன்" என்று அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். சொந்தக்காரன் வேலைக்குத்தான் எப்போதும் நேரம் கிடைக்காது.

அதற்குள் முதுகு முந்திக்கொண்டது. வாழ்நாள் முழுக்க மண்டியிட்டும் குனிந்தும் கிடந்த முதுகு. முதலில் இடுப்பில் பிடிப்பு, பிறகு இடது காலில் ஒரு கம்பி இழுக்கிறதுபோல் வலி, பிறகு மரத்துப்போதல். ஒருநாள் தெருவில் நடந்து வந்தவர் வீட்டு வாசலில்தான் கவனித்தார், இடது காலில் செருப்பு இல்லை. எங்கே கழன்றது என்று அவருக்கே தெரியவில்லை. திரும்பிப் போய்த் தேடியதில் டீக்கடைக்கு எதிரே கிடந்தது.

முதுகெலும்பின் கீழ்க்கட்டில் ஜவ்வு பிதுங்கி நரம்பை நசுக்குகிறது, ஆபரேஷன் செய்யாவிட்டால் கால் போய்விடும் என்று பெரிய டாக்டர் சொன்னார். ஸ்டிரெச்சரில் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போகும்போதும் அவர் கண் தரையில்தான் இருந்தது.

"பாத்தியா? கடைசி வரிசைல துண்டு வெட்டிப் போட்டிருக்கான். வாசல்லேருந்து ஆரம்பிச்சிருக்கணும்."

"கொஞ்சம் பேசாம இருங்க. ஆபரேஷனுக்குப் போறீங்க."

"அதுக்கும் இதுக்கும் என்ன? கண்ணையா வெட்டப்போறாங்க?"

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மரத்துக்கிடந்த கட்டைவிரலை அவர் அசைத்துக் காட்டியபோது அவள் அழுதுவிட்டாள். முதுகில் போட்ட கட்டிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று வெளியே வந்து, உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் குமிழ் ஒன்றில் முடிந்தது. காயத்தில் ஊறும் ரத்தத்தை அது உறிஞ்சி வெளியே எடுக்கும் என்று நர்ஸ் சொன்னாள். மூடியைத் திறந்து, உள்ளே இருப்பதைக் கொட்டி, குமிழைக் கையில் நசுக்கி, நசுங்கியபடியே மூடினாள்.

"இது இப்படிச் சப்பையா இருக்கணும்மா. உப்பிட்டா உறிஞ்சாது. உப்பினா என்னைக் கூப்பிடுங்க."

அவள் கூப்பிடவில்லை. பிழிவது, கொட்டுவது, மறுபடி பிழிவது அவளுக்குப் புதிய வேலையா என்ன? அந்தக் குமிழ் ஸ்பாஞ்சுக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரிதான் இருந்தது. நர்ஸுக்கு ஆயிரம் வேலை. கொஞ்சம் உப்பினாலும் அவளே மூடியைத் திறந்து கொட்டினாள், நசுக்கினாள், மூடினாள். முதலில் வந்தது அடர்ந்த சிவப்பு. மறுநாள் காலையில் வெளிர்ந்தது. மத்தியானத்துக்கெல்லாம், குமிழுக்குள் இருந்ததன் வழியாக அவளால் தன் விரல்களைப் பார்க்க முடிந்தது.

இத்தனை வருஷம் வாளிக்குள் பார்த்துப் பழகிய கண் அது. அதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான் தெரியும். அவர் கேட்பதற்கு முன்பே, அவர் காதுக்கருகே குனிந்து, அவள் தானாகவே சொன்னாள்.

"தெளிஞ்சிருச்சுங்க."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "தலை வலிக்குது" என்றார்.

உட்கார்ந்தால் பிடரியில் யாரோ பிடித்துக் கீழே இழுப்பதுபோல் வலிக்கிறது, படுத்தால் குறைகிறது என்றார். மயக்க மருந்தின் வேலையாக இருக்கும், சரியாகிவிடும் என்றார்கள். படுத்தே கிடந்தால் உடம்பு கட்டிப்போய்விடும் என்பது அவளுடைய எண்ணம். முதுகுக்குத் தலையணை அடுக்கி உட்காரவைத்தாள். வாந்தி எடுத்தார். துடைத்துவிட்டு மறுபடி உட்காரவைத்தாள். குமிழ் வேகமாக நிறைந்தது. அவள் சுறுசுறுப்பாகக் காலி செய்தாள்.

சாயங்காலம் தம்பி வந்தான். டீயை ஆற்றி அவரிடம் கொடுத்தான். அவர் கப்பை உதட்டுக்குக் கொண்டுபோனார். அது கன்னத்துக்குப் போயிற்று. டீ சட்டையில் கொட்டியது.

"என்ன மாமா, அக்காவுக்குத் தெரியாம யாராச்சும் ஊத்திக் குடுத்துட்டாங்களா?"

அவர் ஏதோ சொன்னார். வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டு, ஈரம் காயாத டைல்ஸ்போல் வழுக்கின. தம்பியின் சிரிப்பு பாதியில் நின்றது. டாக்டரைக் கூப்பிட ஓடினான்.

வந்தது டியூட்டியில் இருந்த இளம் பெண் டாக்டர். தன் விரலை நீட்டி, அதைத் தொட்டுவிட்டு அவருடைய மூக்கைத் தொடச் சொன்னாள். அவர் விரல் காதோரம் போய்த் தடவியது. டாக்டர் போர்வையை விலக்கிக் குழாயைப் பார்த்தாள்.

"இதுல என்ன கலர்ல வந்துட்டிருந்தது?"

"மொதல்ல சிவப்பா இருந்துதும்மா. இப்ப நல்லாத் தெளிஞ்சிருச்சு" என்றாள் அவள். சொல்லும்போது குரலில் ஒரு பெருமை இருந்தது. பிறகு எத்தனையோ முறை அவள் நினைத்துக் கூசியது அந்தப் பெருமையைத்தான்.

டாக்டர் குமிழின் மூடியைத் திறந்து அதை உப்பவிட்டாள். கட்டிலின் தலைப்பக்கத்தைச் சமமாக இறக்கச் சொன்னாள். உடனே தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள்.

படத்தைப் பார்த்த பிறகு, கட்டிலருகே நின்றுகொண்டு டாக்டர் பொறுமையாகச் சொன்னாள். மூளையும் தண்டுவடமும் ஒரே தண்ணீரில் மிதக்கின்றன. அந்தத் தண்ணீரைச் சுற்றி ஓர் உறை. ஆபரேஷன் நடந்த இடத்தில் அந்த உறையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கிழிசல். காயத்து ரத்தத்தை உறிஞ்சவேண்டிய குமிழ், அந்தத் தண்ணீரை உறிஞ்சியிருக்கிறது. கீழே தண்ணீர் குறைந்ததும் மேலே மூளை சற்றே தொய்ந்திருக்கிறது. அதைப் பிடித்திருந்த ரத்தக்குழாய்கள் இழுபட்டு, பின்தலையில் இருக்கும் சிறுமூளையில் ரத்தம் கசிந்திருக்கிறது. நிற்பதற்கும் நடப்பதற்கும் நிதானம் தரும் இடம் அது.

"இடுப்புல பண்ணின ஆபரேஷனுக்குத் தலையில ரத்தம் கசியறது ரொம்ப அபூர்வம்மா. நான் படிச்சிருக்கேன், பாத்ததில்ல. கசிவு சின்னதாத்தான் இருக்கு. பெருசாகாம இருந்தா மண்டையைத் தொடவேண்டியதில்ல."

அவளுக்கு முழுக்கப் புரிந்தது. குழாயின் இந்த முனையில் தண்ணீரை விட்டுவிட்டால் அடுத்த அறையில் இருக்கும் முனையில் மட்டம் இறங்கும். இதைப் புரிந்துகொள்ள அவளுக்குப் படம் தேவைப்படவில்லை.

"நான்தாம்மா அழுத்தினேன். உப்ப உப்ப நான்தான் அழுத்திக்கிட்டே இருந்தேன்."

டாக்டர் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "நீங்க அழுத்தலன்னா சிஸ்டர் அழுத்தியிருப்பாங்க. தண்ணி மாதிரி வருதுன்னா அது என்னன்னு நாங்க கேட்டிருக்கணும். கேக்கல."

நியாயமான பதில்தான். நியாயம் எல்லாவற்றையும் ஆற்றிவிடுவதில்லை. அவள் திரும்பிப் பார்த்தாள். அவர் கண்ணை மூடிச் சமமாகப் படுத்திருந்தார். கேட்டாரா, தூங்கினாரா என்று அவளுக்குத் தெரியவில்லை.

மறுபடி ஆபரேஷன் செய்து உறையைத் தைத்தார்கள். அசையாமல் படுக்கையில் கிடந்தார். கசிவு பெருகவில்லை, மெல்ல வற்றியது. பேச்சு ஓரளவு திரும்பியது. ஒருநாள் நான்கு கால் நடைக்கம்பியைப் பிடிக்கச் சொல்லி நடைக்கூடத்தில் நிற்கவைத்தார்கள். இரண்டடி வைத்ததும் சுவரில் போய் மோதினார்.

"இந்தத் தரை இடது பக்கம் சாயுது" என்றார்.

"இல்லங்க. நேராத்தான் இருக்கு."

"எனக்கா சொல்ற? போய் மட்டத்தை எடுத்துட்டு வா."

அவள் தம்பியை அனுப்பி எடுத்துவரச் செய்தாள். நோயாளிகளும் கூட வந்தவர்களும் வேடிக்கை பார்க்க, நடைக்கூடத்தின் நடுவில் மண்டியிட்டு ரசமட்டத்தை வைத்தாள். குமிழி நடுவில் நின்றது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு உற்றுப் பார்த்தார்.

"திருப்பி வை."

திருப்பி வைத்தாள். குமிழி நடுவிலேயே நின்றது.

அவர் ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு, "அப்ப நான்தான்" என்றார்.

பல் டாக்டர் கிளினிக்கில் கேட்ட அதே வார்த்தைக்கு இப்படி ஒரு முடிவு வரும் என்று அவள் நினைத்ததில்லை. மட்டக்கட்டை சரியா என்று பார்க்க அதைத் திருப்பி வைக்கலாம். மனிதன் தன்னை எந்தப் பக்கமாகத் திருப்பி வைத்துப் பார்ப்பது? கண்ணுக்குச் சாய்வாகத் தெரிகிற ஒன்றை, இன்னொருவர் சொல்கிறார் என்பதற்காக நேர் என்று ஒத்துக்கொண்டு காலை எடுத்துவைக்க வேண்டும். அவர் அன்றைக்கு அப்படித்தான் நடந்தார். குமிழியை நம்பி, தன்னை நம்பாமல், மிகவும் கோபமாக.

வீட்டுக்கு வந்த பிறகு மாதங்கள் ஓடின. சுவரைத் தொட்டபடி நடந்தார். பிறகு தொடாமல் நடந்தார். ஆனால் எப்போதும் ஒரு பக்கம் சற்றே சாய்ந்து, காற்றுக்கு எதிராகப் போகிறவர்போல். முன்கோபம் திரும்பி வந்தபோது டாக்டர் சொன்ன எந்த நல்ல செய்தியையும்விட அது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்ட சாமான் மூட்டையை இருவரும் தொடவில்லை. பாத்திரம் கழுவிய தண்ணீரைக்கூட அவள் உள்ளே பார்க்காமல் கொட்டினாள். ஒருநாள் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து, "அந்த ரொட்டிக்கடை ஞாபகம் இருக்கா? மாவு படிஞ்ச தரை. எத்தன வாளி ஊத்தினோம்!" என்று ஆரம்பித்தார். அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரியும். அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று எழுந்து போய்விட்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

கடைசியில் மூட்டையை வெளியே இழுத்தவன் தம்பிதான்.

"மாமா, பின்கட்டுல தண்ணி தேங்கி, வேலைக்கு வர்ற பொண்ணு நேத்து வழுக்கி விழுந்துட்டா. எப்ப போட்டுத் தரப்போறீங்க?"

"வேற ஆளைக் கூப்பிடு. எனக்குக் குனியக் கூடாது, தூக்கக் கூடாது. தலைக்குள்ள தரை வேற சாஞ்சு கிடக்கு."

"துவைக்கற இடத்துக்குச் சாஞ்ச தரைதான மாமா வேணும்? உங்களைவிட்டா யாரு?"

அவர் சிரித்துவிட்டார். பிறகு அவளைப் பார்த்தார். "நான் உக்காந்து சொல்றேன். இவ பதிப்பா. என்ன சொல்ற?"

"நானா?"

"இத்தன வருஷம் பக்கத்துலயே இருந்து என்னத்தப் பாத்த?"

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடையை மூடிவிட்டு வேலையை ஆரம்பித்தார்கள். தம்பியும் கடையாட்களும் மெஷின்களை நகர்த்தி, பழைய தரையை முன்பே உடைத்துக் காரை போட்டிருந்தார்கள். மட்டம் எடுக்கக் குழாய் பிடித்தார்கள். அவர் வாசலுக்குப் பக்கத்தில் நாற்காலியில் ஒரு முனையோடு; அவள் தண்ணீர் வெளியேறும் துளைக்கு அருகில், மறு முனையோடு. தண்ணீர் இரண்டு பக்கமும் நிற்காமல் ஏறி இறங்கியது.

"ஆடாம பிடி!"

"நான் ஆடல. நீங்கதான் ஆடறீங்க" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான் அது இப்போது உண்மை என்பது உறைத்தது. அவர் தன் முனையைப் பார்த்தார். உண்மையிலேயே கை ஆடிக்கொண்டிருந்தது. முழங்காலில் ஊன்றிப் பிடித்துக்கொண்டார்.

குறித்த கோடுகளுக்கு நூல் கட்டி அவள் பதிக்க ஆரம்பித்தாள். பாதிவரை அமைதியாக இருந்தவர், திடீரென்று, "இடது பக்கம் இறங்குது. தூக்கு" என்றார்.

அவள் நூலைப் பார்த்தாள். ரசமட்டத்தை வைத்துப் பார்த்தாள். "இல்லங்க. தண்ணி ஓடற வாட்டம் துளைப் பக்கமாத்தான் போகுது. சரியா இருக்கு."

"நான் சொல்றேன்ல. தூக்குடி."

தூக்கிவிடலாம். அவர் மனசு குளிரும். தண்ணீர் மறுபடி மெஷினுக்கு அடியில் போய் நிற்கும். ஆஸ்பத்திரியில் அவள் தன் கண்ணுக்குத் தெரிந்ததையே முழு உண்மை என்று நம்பினாள். இப்போது அவர் அதையே செய்துகொண்டிருந்தார். அவள் சுத்தியைக் கீழே வைத்தாள்.

"தூக்க மாட்டேன். உங்க கண்ணு சொல்றது வேற, நூலு சொல்றது வேற."

"பாத்தியா மாப்ளே, உங்க அக்காவுக்குக் கரணை கைக்கு வந்ததும் வாய் நீண்டுருச்சு."

"மாமா, நான் நடுவுல வரல. எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல, ஆசை இருக்கு" என்று தம்பி வெளியே நழுவினான்.

"சரி, பதிச்சு முடி. காஞ்சதும் தண்ணி ஊத்திப் பாப்போம். அப்ப தெரியும்."

மறுநாள் காய்ந்த தரையின் மேல்கோடியில் நின்று தம்பி ஒரு குவளைத் தண்ணீரைச் சாய்த்தான். மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் பரந்தது, தயங்கியது, பிறகு கூடிக்கொண்டு துளையை நோக்கிப் போயிற்று. வாசலோரம் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் கொஞ்சம் தேங்கி நின்றது. முதல் தரைக்கு அது பரவாயில்லை. அவர் தலையைச் சாய்த்து, நேராக்கி, மறுபடி சாய்த்துப் பார்த்தார். அவர் கண்ணுக்கு அந்தத் தண்ணீர் மேட்டில் ஏறிப் போயிருக்க வேண்டும்.

"போகுது" என்றார். பிறகு, "வாசல்கிட்ட ரெண்டு தட்டு கூடத் தட்டியிருக்கணும்" என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு அவரிடமிருந்து யாருக்கும் கிடைத்ததில்லை.

கிரவுட் பூசினாள். பூசி முடித்து நிமிர்ந்தபோது, ஸ்பாஞ்சும் வாளியும் அவர் கையில் இருந்தன. முக்காலியை இழுத்துப் போட்டு, முதுகை நேராக வைத்து, நீளக் கைப்பிடி மாட்டிய ஸ்பாஞ்சால் துடைத்துக்கொண்டிருந்தார். சில தடவை ஸ்பாஞ்சு குறி தப்பிச் சுவரில் பட்டது. தப்பினால் திட்டினார். முதல் வாளி பாலாக வெளுத்தது. தம்பி கொட்டிவிட்டு வேறு பிடித்தான். அது சாம்பலாயிற்று.

அவள் வாசலில் உட்கார்ந்து கரணையைச் சுரண்டினாள். இந்த இடத்திலிருந்து பார்த்தால் வாளிக்குள் இருப்பது தெரியாது. அதனால்தான் இத்தனை வருஷமும் அவர் கேட்டிருக்கிறார் என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, தெரியாததால் கேட்டார். அவள் சொன்னதை நம்பினார். ஒரு தடவைகூட எழுந்து வந்து எட்டிப் பார்த்ததில்லை.

உள்ளே ஸ்பாஞ்சு பிழியும் சத்தம் நின்றது. கரணையில் சுரண்ட இனி ஒன்றும் இல்லை, இருந்தும் சுரண்டினாள்.

"என்ன, கேக்க மாட்டியா?" என்றார் அவர் உள்ளேயிருந்து.

அவள் கரணையை மறுபக்கம் திருப்பிப் பிடித்தாள்.

"அன்னிக்கு நான் தூங்கலடி. டாக்டரம்மாகிட்ட நீ சொன்னது காதுல விழுந்துது." ஸ்பாஞ்சை வாளியில் போட்ட சத்தம் கேட்டது. "நானா இருந்தாலும் தெளிஞ்சிருச்சுன்னுதான் சொல்லியிருப்பேன். வேற என்ன தெரியும் நமக்கு? கேளு."

துவைக்கும் மெஷின்களுக்குப் பின்னால் தம்பி எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டான். அவள் புடவைத் தலைப்பில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, தலையைத் தூக்காமலே, அவர் கேட்பதுபோலவே கேட்டாள்.

"தெளிஞ்சுதா?"

அவர் வாளிக்குமேல் குனியக் கூடாது என்பதால் அதைக் காலால் வெளிச்சத்துக்கு நகர்த்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அவசரப்படாமல் பார்த்தார்.

"இல்ல. இன்னும் ஒரு வாளி கொண்டா."